தலைப்பிரட்டைக்குக் கிழக்கு எது?

எங்கள் ஊரில் வலது, இடது என்று எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு இருந்தால் போதும், காலத்தை ஓட்டிவிடுவோம். "இலைக்குத் தெக்க கொஞ்சம் ஊறுகா வையி" என்பார் அப்பா. கட்டிலில் படுத்திருப்பவரைக்கூட "செத்தக் கெழக்க நகந்து படு" என்றுதான் சொல்வோம். "மேக்குப்பொறத்துக் கடவாப்பல்லு வலிக்குதுங்க" என்று பல் டாக்டரிடம் சொன்னவர் என் அம்மா. (டாக்டரும் எங்கள் பக்கத்து ஆள்தான். எழுந்து ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சரியான பல்லைத்தான் பிடுங்கினார்.)

கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விவரம் உண்டு. சோறு தின்கிற கை சோத்தாங்கை. அதனால் யாராவது "ரைட்டு" என்றால் நான் மனசுக்குள் ஒரு வாய் சோறு உண்டு பார்த்து, அதற்கப்புறம்தான் திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் "லெஃப்ட், ரைட்" என்று கத்தும்போது இதற்கெல்லாம் நேரம் இருக்காது. வரிசை ஒரு பக்கம் போக, நான் மட்டும் தனியாகத் தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம், "தவளைக் கருவில் இதயம் எப்படி இடப்பக்கம் போகிறது என்று கண்டுபிடி" என்று ஓர் ஆராய்ச்சியைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? என்ன ஆயிற்று என்றுதான் சொல்லப் போகிறேன்.

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். என் வழிகாட்டி லலிதா மேடம். கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் பிறந்தவர். அமெரிக்காவில் பல வருடம் தவளைகளோடு இருந்துவிட்டு வந்தும் அவருடைய தமிழ் மட்டும் தெருவை விட்டு நகரவே இல்லை. முதல் நாளே என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"ஆரம்பத்துல கருவுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், கேட்டயா? இதயம்னா நடுவுல ஒரு நேர்க் குழாய், அவ்வளவுதான். அப்போ ஒரு பக்கத்துல மட்டும் ஒரு மரபணு முழிச்சுக்கறது. 'இது இடப்பக்கமாக்கும்'னு சுத்தி இருக்கற செல்லுக்கெல்லாம் சொல்றது. அதைக் கேட்டுண்டுதான் அந்தக் குழாய் வளையும், குடல் சுருளும், ஈரல் தன் எடத்துக்குப் போய்ச் சேரும்."

"அது இடப்பக்கம்னு அந்த மரபணுவுக்கு யாருங்க மேடம் சொன்னது?"

"கருவுக்குள்ள ஓர் எடத்துல பொடிப்பொடியா ரோமம் மாதிரி இருக்கு. அதெல்லாம் ஒரே மாதிரி சுழலும். அந்தச் சுழற்சியில உள்ளே இருக்கற நீர் இடப்பக்கமா ஓடும். அதான் முதல் சேதி."

"அந்த ரோமத்துக்கு எந்தப் பக்கமாச் சுத்தணும்னு யாருங்க..."

"மகேஸ்வரி, நீ போய் முதல்ல தவளைக்குத் தீனி போடு."

போட்டேன். ஆனால் சந்தேகம் தீரவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே தெரியாத ஒன்று, கடுகு அளவுகூடச் சரியாக இல்லாத ஒரு முட்டைக்கு எப்படித் தெரிகிறது? யோசிக்க யோசிக்க எனக்கு அந்த முட்டைகள் மேல் மரியாதையும், கொஞ்சம் பொறாமையும் வந்தன.

என் வேலை இதுதான். ஆய்வகத்திலேயே வளரும் ஆப்பிரிக்கத் தவளை முட்டையிட்டதும், கரு ஒன்றிரண்டு செல்லாக இருக்கும்போதே, தலைமயிரை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த மரபணுவின் வாயை அடைக்கும் மருந்தை உள்ளே செலுத்த வேண்டும். சில நாளில் முட்டை தலைப்பிரட்டையாகிவிடும். உடம்பு கண்ணாடி போல இருப்பதால் உள்ளே துடிக்கிற இதயம் அப்படியே தெரியும். மயக்க மருந்து கலந்த நீரில் அதை மல்லாக்கப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இதயத்தின் கீழறை எந்தப் பக்கம் பிதுங்கி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். மரபணு பேசாவிட்டால் இதயம் குழம்பிப்போகும். சிலது இந்தப் பக்கம் போகும், சிலது அந்தப் பக்கம் போகும். குழம்புவதுதான் எதிர்பார்த்த முடிவு. (அப்படிப் பார்த்தால் அந்த ஆய்வகத்தில் வெற்றிகரமான சோதனை நான் ஒருத்திதான்.)

எனக்கு இடித்தது வேறு இடத்தில். தலைப்பிரட்டைக்குக் கை இல்லை. கையே முளைக்காத பிராணிக்குச் சோத்தாங்கை எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? போதாக்குறைக்கு அது மல்லாந்து வேறு கிடக்கிறது. அதன் இடது எனக்கு வலது, என் வலது அதற்கு இடது என்று மேடம் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் எங்கள் ஊர் முறையே கைகொடுத்தது. மைக்ராஸ்கோப் வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. நான் வடக்கே பார்த்து உட்காருவேன். தலைப்பிரட்டையின் தலையையும் எனக்கு எதிர்ப்புறமாக, வடக்கே வைப்பேன். ஒழுங்கான தலைப்பிரட்டைக்கு இதயம் கிழக்கே பிதுங்கியிருக்கும். அவ்வளவுதான் கணக்கு. கிழக்கே என்றால் நல்ல பிள்ளை, மேற்கே என்றால் திரும்பிய பிள்ளை. கணினியில் ஏற்றும்போது கிழக்கை 'நார்மல்' என்றும் மேற்கை 'ரிவர்ஸ்டு' என்றும் மாற்றிக்கொள்வேன். இந்த ஏற்பாட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. என் தலைப்பிரட்டைகள் எல்லாமே நல்ல பிள்ளைகள். என்ன மருந்து கொடுத்தாலும் கிழக்கே பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தன. மதிப்பீட்டுக் கூட்டம் நெருங்கியது. அதில் காட்ட ஏதாவது முடிவு இருந்தால் ஆராய்ச்சி தொடரும், இல்லாவிட்டால் அன்றோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் அதற்குள் என்னை "தவளை டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பாதியில் வீட்டுக்குத் திரும்பினால் அந்தப் பேரோடுதான் வாழ்நாள் முழுக்கக் குப்பை கொட்ட வேண்டும்.

ஓண லீவுக்கு முன்பு, ஊசி போடாத தலைப்பிரட்டைகளை ஒப்பிடுவதற்காகப் பார்த்து முடித்தேன். எல்லாம் கிழக்கே. லீவு முடிந்து வந்து பார்த்தால், மழையில் ஏ.சி. ஒழுகி வடக்குச் சுவர் ஓரமெல்லாம் ஒரே தண்ணீர். மைக்ராஸ்கோப்பைத் தெற்குச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கொல்லங்கோட்டு மலை நீலமாகத் தெரிந்தது. 'அடடா, இனிமேல் மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்' என்று மகிழ்ந்துபோனேன். மூளைக்கு அன்று அவ்வளவுதான் வேலை.

புதிதாக ஊசி போட்ட தலைப்பிரட்டைகள் தயாரானதும் வழக்கம்போல முதல் பிள்ளையைத் தலையை எதிர்ப்புறமாக வைத்து மல்லாத்தினேன். பார்த்தேன். மேற்கு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தேன். மேற்கு. அதற்கடுத்ததும் மேற்கு. தட்டு முழுக்க மேற்கு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேசை ஷெரின் ஓடிவந்தாள். அவள் கண் உருவாக்கும் மரபணுவில் வேலை செய்பவள், ஒற்றப்பாலத்துக்காரி. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் நல்ல ரசமாயிட்டுண்டு" என்று மலையாளத்தில் கண்ணின் அழகைப் பாராட்டிவிட்டுப் போனாள். இதயம் அவள் இலாகா இல்லை.

மேடத்திடம் ஓடினேன்.

"எல்லாமேவா? பாதிக்குப் பாதின்னா வரணும்?"

"எல்லாமேங்க மேடம். ஒண்ணு பாக்கியில்லை."

"ஊசி போடாததைப் பார்த்தியோ?"

"லீவுக்கு முன்னாடியே பார்த்தாச்சுங்க மேடம். அதெல்லாம் ஒழுங்கா இருந்துச்சுங்க."

மேடம் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் கூட்டத்துக்கு நாள் இல்லை. இரண்டு வருடமாக ஒன்றும் நடக்காத இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அவரும் மனுஷிதானே. "சரி, படத்தைத் தயார் பண்ணு" என்றார்.

நான் வீட்டுக்குப் போன் போட்டேன். "அப்பா, தவளை இருதயத்தையே திருப்பிட்டனுங்க!"

அப்பாவுக்குத் தவளை கேட்கவில்லை, இருதயம் மட்டும்தான் கேட்டது. அன்று சாயந்தரத்துக்குள் பெருமாட்டி முழுக்கச் சேதி போய்விட்டது. கூட்டத்தை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று நான் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். கூட்டத்தன்று காலையில் ஆய்வு நிலைய வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே இரண்டு குலை இளநீர், அப்பா, அம்மா, அப்புறம் என் மாமா. மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று கோயமுத்தூரில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"கூட்டம் முடிஞ்சதும் எனக்கும் செத்தப் பாத்துச் சொல்லு அம்மிணி" என்றார் மாமா, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே.

"மாமா, நான் தவளைக்குத்தானுங்க பாக்கறேன்."

"தவளைக்கே திருப்பிப்போட்டீன்னா மனுசனுக்கு ஆகாதா?"

பதில் சொல்ல நேரமில்லை. கூட்ட அரங்கு மாடியில் இருந்தது. மேலே போகிற படி இரண்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி ஏறும். உள்ளே ஜன்னலெல்லாம் கனமான திரை போட்டு மூடி, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மேடம், இன்னும் சில பேராசிரியர்கள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். கடைசி வரிசையில் எங்கள் வீட்டு ஜனம்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. முடிவைச் சொன்னதும் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். (அவர் பேசியது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் தருகிறேன்.)

"எல்லாமே திரும்பிவிட்டனவா? இந்த மரபணுவை அடக்கினால் இதயம் குழம்பத்தானே செய்யும்? இப்படி ஒற்றுமையாக எல்லாம் ஒரே பக்கம் போகுமா?"

"போயிருக்கிறது சார்" என்றேன் பெருமையாக.

"அதே முட்டைத் தொகுதியில் ஊசி போடாதவை இருக்கின்றனவா? இரண்டையும் காட்டுங்கள்."

இருந்தன. அரங்கிலேயே கேமரா வைத்த மைக்ராஸ்கோப் ஒன்றும் இருந்தது. ஷெரின் போய் இரண்டு தட்டுகளையும் எடுத்து வந்தாள். முதலில் ஊசி போட்டதை மல்லாத்தி வைத்தேன். சுவரில் பெரிதாக ஓர் இதயம் துடித்தது. கடைசி வரிசையிலிருந்து "அடேங்கப்பா" என்று மாமாவின் குரல் கேட்டது. அடுத்து ஊசி போடாததை வைத்தேன்.

அதே இதயம். அதே பக்கம். அச்சு அசலாக அதே பிதுக்கம்.

தட்டு மாறிவிட்டதோ என்று முதல் தட்டை மறுபடி வைத்தேன். அதே. இரண்டாவதிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தேன். அதே. இந்தக் களேபரத்தில் எது முதல் தட்டு, எது இரண்டாவது தட்டு என்பதே எனக்கு மறந்துபோனது. "இதில் எது திரும்பியது?" என்று தேர்வாளர் கேட்டார். நானும் அதைத்தான் யாரையாவது கேட்கலாம் என்று இருந்தேன்.

சரி, கிழக்கே இருந்தால் நார்மல், அதைப் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மூடிய திரையும் சுற்றிச் சுற்றி ஏறிய படியுமாக, பிறந்ததிலிருந்து முதல்முறையாக எனக்குத் திசை தெரியவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார்... இங்கே கிழக்கு எது?"

மேடம் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து அப்பா எழுந்தார். பெண் தவிக்கும்போது எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

"அக்கட்டால அம்மிணி! அந்த வெள்ளைச் சட்டைக்காரரு பக்கம்!"

"இல்லீங் மச்சான்" என்று மாமாவும் எழுந்தார். "அது வடக்கு. படியேறயில வெயிலு முதுகுல அடிச்சுதல்ல? கெழக்கு இக்கட்டால."

"படி திரும்புச்சுல்ல மாப்ள!"

"ரெண்டு வாட்டி திரும்புனா பழைய பக்கந்தானுங்க வரும்!"

"மூணு வாட்டி திரும்புச்சு!"

"ஏனுங்க, உக்காருங்க ரெண்டு பேரும்! மானம் போவுது!" என்று அம்மா இருவர் சட்டையையும் பிடித்து இழுத்தார். ஒரு பேராசிரியர் திரையை விலக்கப் போய்க் கயிற்றில் சிக்கிக்கொண்டார். கடைசியில் தேர்வாளர்தான் தன் போனை எடுத்து, அதிலிருந்த திசைகாட்டியைப் பார்த்து, ஒரு விரலை நீட்டினார். அப்பா சொன்னதும் இல்லை, மாமா சொன்னதும் இல்லை. மேடை இருந்த பக்கம்தான் கிழக்கு.

"இப்போது சொல்லுங்கள்," என்றார் அவர். "தலைப்பிரட்டைக்கும் கிழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

சொன்னேன். வடக்கே பார்த்து உட்கார்ந்தது, கிழக்கே பிதுங்கினால் நல்ல பிள்ளை என்று வைத்தது, ஏ.சி. ஒழுகியது, மேசை தெற்கே போனதில் தலைப்பிரட்டையின் தலையும் தெற்கே திரும்பியது. சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆக, இதயம் ஒன்றும் திரும்பவில்லை. நீங்கள்தான் திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்."

அரங்கு முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தார். நான் மட்டும் ஓடிப்போய்த் தவளைத் தொட்டிகள் இருக்கும் அறையில் நின்று அழுதேன். இரண்டு வருடம் போயிற்று. பேர் போயிற்று. ஊரையே கூட்டி வைத்து மானத்தை விற்றாயிற்று. தவளைகள் தீனி வருகிறதென்று நினைத்துக் கண்ணாடி ஓரம் வந்து காத்துக்கொண்டிருந்தன.

அப்பா தேடிக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு முழுக்கப் புரியவில்லை. நான் அழுவது மட்டும் புரிந்தது.

"அம்மிணி, இருதயம் திரும்பலீன்னா நல்லதுதான? அதுக பாட்டுக்கு இருக்கற எடத்துல இருந்துட்டுப் போவட்டும்."

பின்னாலேயே மாமாவின் குரல் கேட்டது. "அப்ப என்ற நெஞ்சடைப்பு?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மேடம் உள்ளே வந்தார். "கண்ணைத் துடைச்சுக்கோ. இன்னும் ஆறு மாசம் குடுத்திருக்கா. ரெண்டு தட்டையும் ஒரே நாள்ல, ஒரே எடத்துல உக்காந்து பாக்கணும்னு கண்டிஷன். நானும் அதைக் கேட்காம விட்டேனே, நேக்கு வேணும்." வெளியே போனவர் திரும்பி வந்து, "அந்த இளநி நன்னா இருந்தது, கேட்டயா? எக்ஸாமினர் ரெண்டு குடிச்சார்" என்றார். இன்றுவரை எனக்கு அது குழப்பம்தான். ஆறு மாதம் கிடைத்தது என் நேர்மைக்கா, எங்கள் தோப்பு இளநீருக்கா?

மைக்ராஸ்கோப்பின் இரண்டு பக்கமும் 'இடது', 'வலது' என்று மேடமே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். எல்லாத் தலைப்பிரட்டைகளும் ஏன் நல்ல பிள்ளைகளாகவே இருந்தன என்பதும் தெரிந்தது. என் கண்ணாடி ஊசி முனை அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் குத்தியது மட்டும்தான், மருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஊசியை மாற்றினேன். அப்புறம் இதயங்கள் உண்மையிலேயே குழம்ப ஆரம்பித்தன. சிலது இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம், சிலது நடுவிலேயே நின்று யோசித்தன. ஒவ்வொன்றையும் பார்த்து 'வா தாயி, என் இனம்' என்று சொல்லிக்கொண்டேன். பட்டமும் வாங்கிவிட்டேன்.

ஆனால் வீட்டில் யாரும் பட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் எதிர்பாராத நல்ல செய்தி எது வந்தாலும், "மொதல்ல மேசையத் திருப்பிப் போட்டாங்களான்னு பாரு" என்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் கொல்லங்கோட்டில் புகுந்த வீட்டு வாசலில் "வலது காலை எடுத்து வையம்மா" என்று யாரோ சொல்ல, நான் மனசுக்குள் சோறு உண்டு முடிப்பதற்குள், "கெழக்க இருக்கற காலு அம்மிணி!" என்று கூட்டத்திலிருந்து அப்பா கத்தினார். நானும் வைத்தேன். சரியாகத்தான் இருந்தது.

போன வருடம் வயிற்றில் பிள்ளையோடு ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனேன். இருட்டு அறையில் படுக்க வைத்தார்கள். திரையில் பொடியாக ஒன்று துடித்தது. டாக்டர் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஹார்ட் இடப்பக்கம்தான், எல்லாம் சரியாக இருக்கு" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நூறு தலைப்பிரட்டைகளில் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ரோமம் சரியாகச் சுழன்று, ஒரு மரபணு சரியான பக்கத்தில் விழித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் பிள்ளையின் இதயம் தன் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் பெறப்போகிற பிள்ளைக்கு அந்த விவரம் இருக்கிறதே என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். "கொழந்தைக்கு இருதயம் சரியான பக்கத்துல இருக்குதாமுங்கப்பா."

அந்தப் பக்கம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சேதியைச் சொல்வது கேட்டது. சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அப்பா கேட்டார்.

"நீ எந்தப் பக்கம் தல வெச்சுப் படுத்திருந்த அம்மிணி?"

நான் போனை வைக்காமலே திரும்பிப் போய், ஸ்கேன் அறைக் கதவைத் தட்டினேன்.